பள்ளத்தில் இறங்கும் சக்கரம்

மீஞ்சூரில் மலை கிடையாது. கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே, கொசஸ்தலையாற்றுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவே தட்டையாகக் கிடக்கிற ஊர். வண்டலூரில் கிளம்பி 62 கி.மீ. ஓடி இங்கே வந்து முடிகிற வெளிவட்டச் சாலையின் மேம்பாலங்களை விட்டால், சைக்கிளில் வருபவர் கியர் குறைக்கும்படியான ஏற்றம் சுற்றுவட்டாரத்தில் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பஜார் பக்கம் நின்றால், முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சைக்கிள்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். சீட்டுக்குக் கீழே சிவப்போ மஞ்சளோ பூசிய தடித்த சுருள்கம்பி ஒன்று எடுப்பாகத் தெரியும். கடையில் அதற்கு ‘டபுள் ஷாக்’ என்று பெயர். அப்படியொரு வண்டியை ஆசையாகத் தடவிப் பார்த்தபடி ஒரு பையன் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இதுல போனா பள்ளம் தெரியாதுல்ல?”

“பள்ளம் தெரியாது தம்பி. மிதிக்கிறது நல்லாத் தெரியும்.”

கிண்டலாகச் சொன்ன பதிலில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பள்ளம் ஏன் தெரியாமல் போகிறது? மிதிப்பது ஏன் கனக்கிறது? இந்த இரண்டையும் ஒரே வண்டிக்குள் சமாதானப்படுத்த முப்பது வருடங்களுக்கும் மேலாக நடக்கிற முயற்சியில் பிறந்ததுதான் ஃபுல் சஸ்பென்ஷன் டிரெயில் பைக். முன் ஃபோர்க்கிலும் பின்பக்கத்திலும் 120 முதல் 150 மி.மீ. வரை சக்கரம் மேலும் கீழும் போய்வர இடம், அகலமான டயர், நீண்ட உடல், மீசை முறுக்கியதுபோல் விரிந்த ஹேண்டில்பார். நல்லதாக ஒன்று வாங்கினால் ஒரு மோட்டார் பைக்கின் விலை ஆகும், பல நேரம் இரண்டு மோட்டார் பைக். நீலகிரியிலும் இமாச்சலத்திலும் இவற்றைப் பார்க்கலாம். 2023இல் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி கேரளத்தின் பொன்முடியில் நடந்தபோது, இந்தக் குடும்பத்தின் எடை குறைந்த பந்தய உறவினர்கள் அங்கே வந்திறங்கினார்கள்.

அப்படியானால் மீஞ்சூருக்கு என்ன வேலை? காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் இரவும் பகலும் போகிற சாலைகள் இங்கே உண்டு. தார் ஒருபக்கம் குழைந்து வரம்பு கட்டியிருக்கும். மழைக்குப் பிறகு அந்த வரம்புக்குப் பக்கத்திலேயே குழி விழும். குழியை மூட ஜல்லி கொட்டுவார்கள். அந்த ஜல்லியை டிரெய்லர் சக்கரம் சாலையோரத்துக்குத் தெறிக்கவிடும். சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது அந்த ஓரம்தான். பாறையும் மரவேரும் கிடக்கிற காட்டுத்தடம் ஒரு சக்கரத்திடம் என்னென்ன கேட்குமோ, ஏறக்குறைய அதையே இந்தச் சாலையும் கேட்கிறது. ஏற்ற இறக்கம் மட்டும்தான் இல்லை.

முதல் கேள்வியை எடுப்போம். ஸ்பிரிங் எதற்கு? பெரும்பாலானோர் ‘குலுக்கல் தெரியாமல் இருக்க’ என்பார்கள். குலுக்கல் குறைவது உண்மைதான். ஆனால் டிரெயில் பைக்கை வடிவமைப்பவரின் முதல் கவலை ஓட்டுபவரின் முதுகெலும்பு அல்ல, டயர். டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரைதான் பிரேக் பிடிக்கும், வளைவில் வண்டி திரும்பும், மிதித்த பலன் சாலைக்குப் போகும். அந்தரத்தில் இருக்கும் டயரால் இதில் ஒன்றும் முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பிரிங் இல்லாத சாதாரணச் சைக்கிள் 20 கி.மீ. வேகத்தில் வருகிறது. வழியில் 4 செ.மீ. ஆழமுள்ள, விளிம்பு செங்குத்தான குழி. அந்த விளிம்பைத் தாண்டியதும் முன்சக்கரம் கீழே இறங்க வேண்டும். இறக்கிவிட யார் இருக்கிறார்கள்? புவியீர்ப்பு மட்டும். நொடிக்கு நொடி 9.8 மீட்டர் வேகம் கூட்டும் அந்த இழுப்பு, 0.05 நொடியில் சக்கரத்தை 1.2 செ.மீ. மட்டுமே கீழே கொண்டுவரும். அதே நேரத்தில் சைக்கிள் 28 செ.மீ. முன்னே போய்விட்டது. பள்ளத்தின் அடி இன்னும் கிட்டத்தட்ட 3 செ.மீ. கீழே இருக்கிறது. அதாவது குழியைச் சக்கரம் பறந்தே கடக்கிறது. பிறகு எதிர்விளிம்பில் போய் முட்டுகிறது. நாம் உணர்கிற ‘டொக்’ அந்த முட்டல்தான். பறந்த நேரத்தில் முன்பிரேக்கைப் பிடித்திருந்தால் சக்கரம் சுற்றாமல் நின்றுபோயிருக்கும். தரையைத் தொடும்போது வழுக்கும். ஜல்லி மேல் விழுந்து முட்டி பேர்ந்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும்.

இப்போது அதே குழியில் டிரெயில் பைக். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்று வைப்போம். அதில் சுமார் 34 கிலோ முன்சக்கரத்தின் மேல் நிற்கிறது. அந்த எடையை ஃபோர்க்குக்குள் இருக்கும் ஸ்பிரிங் தாங்குகிறது. ஸ்பிரிங்குக்கு இரண்டு முனை. மேல்முனை உடம்பை எவ்வளவு அழுத்தமாக மேலே தள்ளுகிறதோ, கீழ்முனை சக்கரத்தை அவ்வளவு அழுத்தமாகக் கீழே தள்ளுகிறது. சக்கரமும் அதோடு சேர்ந்து அசையும் பாகங்களும் 3 கிலோதான். 34 கிலோ எடையைத் தாங்கும் விசை 3 கிலோ பொருளைத் தள்ளினால், புவியீர்ப்பைப்போல் பதினோரு பன்னிரண்டு மடங்கு முடுக்கம் கிடைக்கும். எண்ணெயின் தடையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், சக்கரம் சுமார் 0.03 நொடியில் 4 செ.மீ. இறங்கிவிடும். சாதாரணச் சக்கரம் அரை செ.மீ.கூட இறங்கியிராத நேரம் அது.

இந்த 4 செ.மீ. எங்கிருந்து வந்தது என்பதுதான் அழகான விஷயம். முழுக்க நீண்டு நிற்கும் ஃபோர்க்கால் மேற்கொண்டு கீழே நீள முடியாது. ஆகவே ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததுமே ஸ்பிரிங் கொஞ்சம் அமிழும்படி விட்டுவைக்கிறார்கள். 140 மி.மீ. இடமுள்ள வண்டியில் முப்பது சதவீதம், அதாவது 42 மி.மீ. வண்டி சும்மா நிற்கும்போதே அவ்வளவு அமிழ்ந்திருக்கும். மேட்டில் ஏற மீதி 98 மி.மீ.; பள்ளத்தில் இறங்க இந்த 42. ஃபோர்க்கின் பளபளப்பான காலில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கீழே தள்ளிவிட்டு, மெதுவாக ஏறி உட்கார்ந்து, இறங்கிப் பார்த்தால் வளையம் எவ்வளவு மேலே நகர்ந்திருக்கிறதோ அதுதான் அமிழ்ந்த அளவு. காற்று ஸ்பிரிங் என்றால் பம்பை மாட்டி அழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ இதைச் சரிசெய்யலாம். 50 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே அழுத்தம் பொருந்தாது. கடையிலிருந்து எடுத்துவந்த நாள் முதல் ஒருமுறைகூட இதைச் செய்யாமல், ‘வண்டி சரியில்லை’ என்று விற்பவர்கள் உண்டு.

ஸ்பிரிங்கை மட்டும் வைத்துவிட்டால் வேலை முடியாது. அமுங்கிய ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலை வைத்துக்கொள்ளாது. அப்படியே திருப்பிக் கொடுக்கும். டபுள் ஷாக் சைக்கிளின் சீட்டைக் கையால் பலமாக அழுத்தி விட்டுப் பாருங்கள். துள்ளும், மறுபடி துள்ளும், மூன்றாவது முறையும் துள்ளும். மலிவான வண்டிகளில் பெரும்பாலும் உள்ளே எண்ணெய் கிடையாது. வெறும் சுருள்கம்பியும் ஒரு தண்டும்தான். நல்ல ஷாக்கப்சர் உள்ளுக்குள் ஊசி போடும் சிரிஞ்ச் மாதிரி வேலை செய்கிறது: பிஸ்டன் நகர வேண்டுமானால் எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியாக ஒதுங்கி வழிவிட வேண்டும். மெதுவாகத் தள்ளினால் எளிதில் வழிவிடும். வேகமாகத் தள்ளினால் முரண்டு பிடிக்கும். இந்த முரண்டில் துள்ளலின் ஆற்றல் சூடாகி வெளியேறுகிறது. நீண்ட மலையிறக்கம் முடிந்து பின் ஷாக்கைத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருப்பது இதனால்தான்.

டிரெயில் பைக் ஷாக்கில் இருக்கும் சிவப்புத் திருகு, திரும்பி நீளும் வேகத்துக்கானது. வண்டியின் குணத்தை மாற்றுவதில் இதற்கு ஈடு வேறில்லை. அதை முழுக்கத் திறந்துவிட்டால் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் உதைத்து ஆளை முன்னே தள்ளும். முழுக்க இறுக்கினாலோ இன்னொரு தொல்லை. அதை விளக்க அலைச்சாலைக்குப் போக வேண்டும்.

தார் போடாத மண்சாலையில், ஏரிக்கரை வழிகளில், குறுக்கே வரிவரியாக அலைகள் விழுந்திருக்கும். லாரியின் ஸ்பிரிங்தான் இதை உண்டாக்குகிறது என்று நினைக்கத் தோன்றும். டேபர்லே, மாரிஸ், மெக்கெல்வெய்ன் என்ற மூவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வட்டமாக அமைத்த மணல்தடத்தில் ஒரு சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிங் வைக்காத சாதாரணச் சக்கரமும் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் மணலில் அலை எழுப்பியது. அதற்குக் கீழான வேகத்தில் தடம் மட்டமாகவே இருந்தது. ஆக, அலை வராமலிருக்க எல்லா வண்டியும் ஊர்ந்து போக வேண்டும்; தண்ணீர் லாரிக்காரரிடம் அதை யார் சொல்வது?

அலைக்கு அலை 50 செ.மீ. இடைவெளி என்றால், 20 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 11 அலைகளை மோதுகிறோம். சரியாக அமைத்த டிரெயில் பைக்கின் உடல், சும்மா ஆட்டிவிட்டால் நொடிக்கு இரண்டரை தரம்கூட ஆடாது. இவ்வளவு மந்தமாக ஆடும் உடலால் 11 தர ஆட்டத்தைப் பின்பற்ற முடியாது. சக்கரம் மட்டும் தையல் மெஷின் ஊசி வேகத்தில் ஏறி இறங்கும். உடலுக்கு அந்த ஆட்டத்தில் ஏழில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அலையின் உயரம் 2 செ.மீ. என்றால் சீட் 3 மி.மீ. ஆடும். ஆனால் சிவப்புத் திருகை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால், அடுத்த அலை வருவதற்குள் ஸ்பிரிங்கால் பழையபடி நீள முடியாது. ஒவ்வோர் அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்துகொண்டே போய், பத்துப் பதினைந்து அலையில் ஷாக் முழுக்கச் சுருங்கிப் பாறையாகிவிடும். அதற்குப் பிறகு நாம் ஓட்டுவது விலை உயர்ந்த, எடை கூடிய சாதாரணச் சைக்கிள்.

நொடிக்கு இரண்டரை தரம்கூட ஆடாது என்றேன். துல்லியமாகச் சொன்னால் சுமார் 2.4. உட்கார்ந்ததும் அமிழ்கிற 42 மி.மீ. ஒன்றே இந்த எண்ணைத் தந்துவிடும். எடை எவ்வளவு, ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி என்று தனித்தனியாகத் தெரிய வேண்டியதில்லை. காற்று ஸ்பிரிங்கில் இது சற்று முன்னே பின்னே இருக்கும். இப்போது மெக்கானிக் சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு வருகிறோம். அவசரமில்லாமல் சைக்கிள் மிதிப்பவர் நிமிடத்துக்கு 70 சுற்று மிதிப்பார். ஒரு சுற்றில் இடது காலுக்கு ஓர் அழுத்து, வலது காலுக்கு ஓர் அழுத்து. நிமிடத்துக்கு 140, நொடிக்கு 2.3. ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் என்ன ஆகும் என்று குழந்தைக்கும் தெரியும். டபுள் ஷாக்கில் ஏறி மேம்பாலத்தை மிதித்தேறும் பையனைப் பின்னாலிருந்து பார்த்தால் சீட் குதித்துக் குதித்துப் போகும். அவன் உழைப்பில் ஒரு பங்கு முன்னே போகாமல் மேலும் கீழுமாகக் கரைகிறது. எண்ணெயும் இல்லாத வண்டி என்பதால் இந்த ஆட்டத்தை அடக்கவும் ஆளில்லை.

பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைக்கும் யோசனை சைக்கிளில் பழசு. காற்றடைத்த டயரை டன்லப் 1888இல் கொண்டுவருவதற்கு முன்பே ஸ்பிரிங் சட்டம் வைத்த சைக்கிள்கள் விற்றன. டயர் வந்ததும் அவை மறைந்தன. பெருஞ்செலவில் செய்த வேலையைக் காற்று மலிவாகச் செய்துவிட்டது. பின்சக்கரத்தின் இன்றைய அமைப்பு நமக்கு வந்து சேர்ந்தது மோட்டார் சைக்கிள் வழியாக. அந்த வழியின் ஒரு கிளை மீஞ்சூருக்குப் பக்கத்திலேயே போகிறது.

மீஞ்சூரில் புறநகர் ரயில் ஏறித் தெற்கே போனால் அத்திப்பட்டு, எண்ணூர், விம்கோ நகர் தாண்டித் திருவொற்றியூர். இருபது கி.மீ.க்குள்தான். 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, புல்லட் வண்டிக்காகத் திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டியது. அந்த 350 சிசி புல்லட்டின் மூதாதை 1948இல் இங்கிலாந்தில் வெளியே வந்தபோது ஆட்களை முகம் சுளிக்க வைத்தது அதன் பின்பக்கம்தான். அன்றைய வண்டிகளில் பலவற்றின் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகியிருந்தது. புல்லட்டிலோ சக்கரம் ஒரு கையின் நுனியில் இருந்தது. அந்தக் கை பிவட் என்ற கீலில் மேலும் கீழும் ஆடியது. இரண்டு பக்கமும் எண்ணெய் அடைத்த ஷாக்கப்சர். கரடுமுரடான போட்டிகளுக்கு இறுகிய பின்பக்கமே சிறந்தது என்று நம்பியவர்கள் சிரித்தார்கள். அதே ஆண்டு இத்தாலியில் நடந்த ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டியில் பிரிட்டிஷ் அணியில் அந்த வண்டி ஓடியது. அணி கோப்பையை வென்றது. டயர் தரையை விடாமல் இருந்தால் இழுவை கிடைக்கும் என்ற வாதம் அதற்கு மேல் பேச வேண்டியதாக இல்லை.

சைக்கிளுக்கு அது வந்து சேர நாற்பது வருடம் பிடித்தது. மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் பழகிய பால் டர்னர் 1989இல் ராக்‌ஷாக்ஸ் என்ற பெயரில் முன் ஃபோர்க்கைக் கொண்டுவந்தார். முன்பக்கம் சீக்கிரமே பரவியது. பின்பக்கம் இழுத்தடித்ததற்குக் காரணம் மனிதனின் கால். எஞ்சின் ஏறக்குறைய சீராக இழுக்கும். கால் விட்டு விட்டு இழுக்கும். எஞ்சினுக்கு வீணாக்கச் சக்தி இருக்கிறது. சைக்கிள்காரரிடம் இருப்பதோ 150 வாட், அதாவது பழைய சீலிங் ஃபேன் இரண்டு சுற்றும் அளவு.

தீர்வு செயினிலேயே இருந்தது. மிதிக்கும்போது வண்டி முன்னே பாய, உடலின் பாரம் பின்னால் சாய்ந்து பின் ஷாக்கை அமுக்குகிறது. அதே கணத்தில் செயினின் மேல்பாதி பின்சக்கரத்தை முன்னோக்கி இழுக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் கை ஆடுகிற பிவட், செயின் போகும் கோட்டுக்கு மேலே இருந்தால், அந்த இழுப்பு கையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பும். ஷாக் நீள முயலும். ஒன்று அமுக்குகிறது, இன்னொன்று நீட்டுகிறது. இரண்டும் சமமாகும்படி பிவட்டின் இடத்தைத் தேர்ந்தால் மிதிப்பதால் ஆட்டமே வராது. எல்லா நவீன டிரெயில் பைக்கிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற கயிறிழுப்பு இது.

இலவசமாக எதுவும் வராது. பிவட்டை உயர்த்த உயர்த்த, சக்கரம் மேலே ஏறும்போது பெடல் அச்சிலிருந்து விலகிப் பின்னே போகும். செயினின் நீளம் மாறாது என்பதால் அது பெடலைப் பிடித்துப் பின்பக்கம் இழுக்கும். கல் மேல் ஏறுகிற கணத்தில் பாதத்தின் கீழே பெடல் உதைப்பதை உணரலாம். மிதிப்பதற்கு நல்லது, மேட்டுக்குக் கெட்டது. மேட்டுக்கு நல்லது, மிதிப்பதற்குக் கெட்டது. இந்த இழுபறிக்காகத்தான் ஒரே கைக்குப் பதில் நாலு துண்டு, ஆறு பிவட் என்று பின்பக்கம் சிக்கலானது. மோட்டார் சைக்கிள் உலகிலிருந்து வந்த ஹார்ஸ்ட் லைட்னர் என்பவர் 1990களில் பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால் ஒரு பிவட்டை வைத்து, சக்கரமும் பிரேக்கும் கீழ்க்கையில் நேரடியாக மாட்டாதபடி பிரித்தார். அதனால் பின்பிரேக்கைப் பிடித்தபடியே கரடான இடத்தில் இறங்கும்போதும் ஷாக் விறைத்துக்கொள்ளாமல் வேலை செய்தது. அவருடைய பெயரில் ‘ஹார்ஸ்ட் லிங்க்’ என்றே சொல்கிறார்கள். ஸ்பெஷலைஸ்டு கம்பெனி அந்தக் காப்புரிமையை வாங்கி வைத்துக்கொண்டது. மற்ற கம்பெனிகள் வேறு வேறு வடிவங்களைத் தேடி ஓடியதில் அதற்கும் பங்குண்டு.

கையாளும் விதத்துக்கு வருவோம். டிரெயில் பைக்கைப் பக்கவாட்டில் பார்த்தால் முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்து முன்னே நீண்டிருக்கும். ஹேண்டில் தண்டு தரையோடு 65, 66 பாகைக் கோணம். தார்ச்சாலைப் பந்தயச் சைக்கிளில் இது 73. முப்பது வருடத்துக்கு முந்தைய மலைச் சைக்கிளில் 71. ‘புரட்சிகரமான வடிவம்’ என்று விளம்பரம் செய்வார்கள். பால்காரரின் 28 அங்குலச் சைக்கிளில் கோணமானியை வைத்துப் பார்த்தால் 66, 67 வரும்! 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து குவித்த ஹெர்குலிஸ் வகை வண்டிகளின் மூலவடிவம், நல்ல சாலையே இல்லாத காலத்து இங்கிலாந்தில் உருவானது. கரடான தரைக்குச் சாய்ந்த ஃபோர்க் நல்லது என்பது அன்றைக்கே தெரியும். பெரிய சக்கரமும் அப்படித்தான்: 5 செ.மீ. கல்லை டிரெயில் பைக்கின் 29 அங்குலச் சக்கரம் 30 பாகைச் சரிவாகப் பார்க்கும். ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய 40 பாகைச் சுவராகப் பார்க்கும். பால்காரர் சைக்கிள் இதிலும் டிரெயில் பைக்கின் பக்கம்தான்.

வித்தியாசம் ஃபோர்க்கின் வளைவில். ஹேண்டில் தண்டின் கோட்டைத் தரைவரை நீட்டினால் அது சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னே விழும். தொடும் இடம் எவ்வளவு பின்தங்கி வருகிறதோ, அவ்வளவுக்குச் சக்கரம் வண்டியின் பின்னால் இழுபட்டு நேராகிக்கொள்ளப் பார்க்கும். பழைய வண்டியில் ஃபோர்க்கை முன்பக்கம் நன்றாக வளைத்து இந்தத் தூரத்தைக் குறைத்திருப்பார்கள். டிரெயில் பைக்கில் வளைவு குறைவு. பின்தங்கும் தூரம் 12 செ.மீ. அளவுக்குப் போகும், பந்தயச் சைக்கிளைப்போல் இரண்டு மடங்கு. வேகமாகப் போகும்போது கல் இடித்தாலும் ஹேண்டில் கையைவிட்டுப் பிடுங்காது. ஆனால் பஜாரில் ஷேர் ஆட்டோவின் பின்னால் ஊர்ந்துபோகும்போது ஹேண்டில் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் சரியும். புதிதாக ஓட்டுபவர் ‘இதென்ன, குடிச்ச மாதிரி போகுது’ என்பார். அகலமான ஹேண்டில்பார் இந்தச் சரிவைப் பிடித்து நிறுத்தத்தான்.

சைக்கிள் தானாக நிமிர்ந்து நிற்பதற்கே இந்தப் பின்தங்கும் தூரம்தான் காரணம் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவு என்று வேறு சில சொல்லின. 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் நீக்கிவிட்டு ஒரு விசித்திரச் சைக்கிள் செய்து காட்டினார்கள். தள்ளிவிட்டால் ஆளில்லாமலேயே நிமிர்ந்து ஓடியது. எடை எங்கே இருக்கிறது என்பதற்கும் பங்கு உண்டு. அதனால் ஒரு கோணத்தை மட்டும் பார்த்து வண்டியின் குணத்தைச் சொல்லிவிட முடியாது.

சாய்ந்த ஃபோர்க்குக்கு இன்னொரு காரணம், ஸ்பிரிங்கே உண்டாக்கிய பிரச்சினை. முன்பிரேக்கைப் பிடித்தால் பாரம் முன்னே சாய்ந்து ஃபோர்க் அமிழும். இரு சக்கரத்துக்கும் இடையே 120 செ.மீ. தூரமுள்ள வண்டியில் முன்பக்கம் 10 செ.மீ. அமிழ்ந்தால், மொத்த வண்டியும் ஏறக்குறைய 5 பாகை முன்னே குனிகிறது. 65 இருந்த கோணம் அந்தக் கணத்தில் 70. பழைய 71 பாகை வண்டிக்கு இது நடந்தால் 76. ஹேண்டில் துடிதுடிப்பாகி, ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டி விழ வழி பிறக்கும். எவ்வளவு அமிழ இடம் விடுகிறோமோ அவ்வளவு சாய்வை முன்கூட்டியே கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஓட்டுபவரும் இந்த வண்டியின் ஒரு பாகம்தான். பெடல் இரண்டையும் மட்டமாக வைத்து, சீட்டிலிருந்து எழுந்து, முட்டியையும் முழங்கையையும் மடக்கி நின்றால், 140 மி.மீ. ஷாக்குக்கு மேலே இன்னும் அரை மீட்டர் ஷாக் கிடைக்கிறது. எண்ணெயும் வால்வும் இல்லாத, கண்ணால் முன்கூட்டிப் பார்த்துச் செயல்படுகிற ஷாக். திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே கேரியரில் மூட்டையோடு பள்ளத்தில் பாதி எழுந்து இறங்கும் நம்மூர் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீஞ்சூர்க்காரர் எதை வாங்குவது? என் கணிப்பில், பின் ஷாக் இவ்வூருக்கு வேண்டாம். 150 வாட்டை வைத்துக்கொண்டு தட்டைச் சாலையில் பத்துப் பதினைந்து கி.மீ. வேலைக்குப் போகிறவருக்கு அந்தக் கயிறிழுப்பும் ஆறு பிவட்டும் எடைதான். குறைந்த விலையில் கிடைக்கும் டபுள் ஷாக், அதை வாங்க நினைக்கிற பையனுக்குச் செய்வது துரோகம். அதே காசுக்கு ஷாக்கே இல்லாத நல்ல வண்டி வரும். முதல் செலவை அகலமான டயரில் போடலாம். முன்சக்கரத்தின் மேல் 34 கிலோ. காற்றழுத்தம் 50 பி.எஸ்.ஐ. என்றால் தரையைத் தொடும் பரப்பு 10 சதுர செ.மீ.க்கும் குறைவு. 2.4 அங்குல டயரில் 22 பி.எஸ்.ஐ. வைத்தால் 22 சதுர செ.மீ. சின்ன ஜல்லி எல்லாம் டயருக்குள்ளேயே புதைந்து போகும். பஞ்சர் கடையில் காற்றுப் பிடிக்கும்போது மட்டும் பக்கத்தில் நிற்க வேண்டும். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து ‘கல்லு மாதிரி’ ஆனால்தான் அவர்களுக்குத் திருப்தி.

வார இறுதியில் நாகலாபுரம் மலைப்பக்கம், தடா அருவி வழிக் காட்டுத்தடங்களுக்குப் போகிறவர் மட்டும் முழு டிரெயில் பைக்கைப் பற்றி யோசிக்கலாம். அப்படி வாங்கினால், பெரும்பாலும் பழையதைத்தான் வாங்க முடியும். கடற்காற்றின் உப்பும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சேர்ந்த ஊர் இது. ஃபோர்க்கின் சீலில் படியும் சாம்பல், ஒவ்வோர் அமிழ்விலும் உப்புத்தாளைப்போல் காலைத் தேய்க்கும். ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்கால் எண்ணெயை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. நம் பக்கத்தில் அதற்கு முன்பே மாற்றலாம். பிவட் பேரிங்குகளைப் பார்க்க, வண்டியைத் தூக்கிப் பிடித்துப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் போதும். ‘டக் டக்’ என்று கேட்டால் விலையில் குறைக்கச் சொல்லலாம், பேரிங் மாற்றக்கூடியதே. ஃபோர்க் காலை மட்டும் துடைத்துவிட்டு, விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். எங்காவது நகம் தட்டினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அந்தக் கீறல் வழியாக எண்ணெய் வெளியே வரும், சாம்பல் உள்ளே போகும், புதிய கால் மாற்றுகிற செலவில் இன்னொரு சைக்கிளே வாங்கிவிடலாம்.